பதின்மவயதும் பாலின அடையாளமும்: வன்னிப் பிள்ளைக்குக் கிடைக்காத அவகாசம்

பதின்மவயதில் ஒரு பிள்ளையின் மனதில் இரண்டு கேள்விகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுகின்றன. தான் ஆணா, பெண்ணா, இந்த இரண்டுக்குள்ளும் அடங்காத ஒருவரா என்பது ஒன்று. யாரைக் கண்டால் மனம் படபடக்கிறது என்பது மற்றையது. பெரும்பாலானோருக்கு முதலாவது கேள்வி எழுந்ததே தெரியாமல் கடந்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி சில மாதத் தூக்கத்தையும் கொப்பியின் கடைசிப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, விடை தெரியாமலே ஆண்டுகள் நீள்கின்றன. அப்படியான பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருப்பதைப் போலவே இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தடையாக நிற்பது மரபின் இறுக்கம் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த இறுக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மதுரையிலும் உண்டு. வன்னியில் அதற்கு மேலாகப் பெரியவர்களின் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையின் எந்தத் தடுமாற்றத்தையும் உடனே ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற அந்த அவசரம், போர்க்காலத்தில் உயிர்காக்கும் பழக்கமாக உருவாகி, தேவை தீர்ந்த பின்னும் வீடுகளில் தங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாலின அடையாளம் என்பது ஒருவர் தன்னை எவ்வாறு உணர்கிறார் என்பதைப் பற்றியது. ஈர்ப்பு என்பது அவருடைய மனம் யாரை நாடுகிறது என்பதைப் பற்றியது. பெண்பிள்ளையாகப் பிறந்து தரம் 9 இல் படிக்கும் ஒருவரை உதாரணத்துக்கு நினைத்துக்கொள்வோம். தலைமயிரைக் கட்டையாக வெட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறார், வகுப்பில் உள்ள ஒரு தோழி பாடசாலைக்கு வராத நாளில் எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறார். இதை வைத்து என்ன சொல்லலாம்? அவர் தன்னை ஆணாக உணர்பவராக இருக்கலாம். பெண்ணாகவே இருந்து பெண்ணை விரும்புபவராக இருக்கலாம். ஆழ்ந்த நட்பொன்றின் உச்சத்தில் நிற்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். அந்த வயதில் நட்புக்கும் காதலுக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்தப் பிள்ளைக்கே தெளிவாகத் தெரிவதில்லை. தலைமயிர் விடயம் வெறும் வெக்கையால் வந்ததாகக்கூட இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் தாயோ ஆசிரியரோ ஒரு முடி வெட்டையும் ஒரு தோழி மீதான ஏக்கத்தையும் வைத்து இவற்றில் எது உண்மை என்று தீர்மானித்துவிட முடியாது. காலம் போகப்போக அந்தப் பிள்ளைதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே இருபக்கமும் தவறு நடக்கிறது. "இது வயசுக்கோளாறு, தானாகப் போய்விடும்" என்று தட்டிக்கழிப்பது ஒரு தவறு. சிறுவயது முதலே தொடர்ந்து, உறுதியாக, தன்னை வேறு பாலினமாக உணர்ந்துவரும் பிள்ளைக்கு அது தானாகப் போய்விடும் ஒன்றாக இராது. ஒரு சாயலைக் கண்டவுடன் "இவன் இன்னார்" என்று பெயர் சூட்டிவிடுவது மற்றத் தவறு. அது ஏளனமாகச் செய்யப்பட்டாலும் சரி, அன்போடு செய்யப்பட்டாலும் சரி. பிற்காலத்தில் தம்மைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ அறிந்துகொண்டவர்கள் பலர் தமக்கு அது மிகச் சிறுவயதிலேயே தெரிந்திருந்தது என்கிறார்கள். அதே சாயல்களைக் கொண்டிருந்த வேறு பலர் வளர்ந்தபின் அப்படி உணரவில்லை. முதற்காதலும் இப்படித்தான். பதின்மூன்று வயதில் ஒருவர் மீது வரும் ஈர்ப்பு, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் யாரை விரும்பும் என்பதற்கான தீர்ப்பாகிவிடாது. ஆனாலும் அந்த நேரத்தில் அது பொய்யானதும் இல்லை.

இந்தத் தேடலை உடல் காத்திருந்து பார்ப்பதில்லை. பூப்பின் மாற்றங்கள் பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. தன் உடலோடு ஒத்துப்போகும் பிள்ளைக்கே அது கூச்சம் நிறைந்த காலம். ஒத்துப்போகாத பிள்ளைக்கோ, குரல் உடைவதும் மார்பு வளர்வதும் மாதவிடாய் வருவதும் தன்னைக் கேட்காமல் தன் மீது எழுதப்படும் தீர்ப்பாகத் தோன்றும். பலருக்குக் கடும் மனச்சோர்வு தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணரும் வன்னிப் பிள்ளைக்கு இந்தக் கட்டம் ஒரு தனிப்பட்ட நிகழ்வாக முடிந்துவிடுவதும் இல்லை. சாமத்தியவீடு வருகிறது. பெரியபிள்ளையாகிவிட்டாள் என்ற செய்தி மாமிமாருக்கும் அயலுக்கும் உடனே போகிறது. சில நாட்கள் தனிமை, அதற்குரிய சாப்பாடு, பின்னர் தண்ணீர் வார்ப்பு, சேலை, நகை, ஆலாத்தி, நிழற்படம், காணொளி. போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்பிவந்த குடும்பங்கள் கடன்பட்டாவது இந்தக் கொண்டாட்டத்தை நடத்துவதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. போரில் இடம்பெயர்ந்தவர்கள் அடைத்துவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமின் தறப்பாள் கூடாரங்களில் பெரியபிள்ளையான சிறுமிகளுக்கு எதையும் உரிய முறையில் செய்ய முடியாமல் போன தாய்மாருக்கு, தங்கள் காணியில் பந்தல் போட்டுச் செய்யும் சடங்கு மீண்டுவந்ததற்கான அடையாளம். வெளிநாட்டில் இருக்கும் மாமன் காசு அனுப்புகிறார், இறந்துபோன தகப்பனின் படம் பந்தலில் வைக்கப்படுகிறது. இத்தனை பேரின் துயரமும் பெருமையும் குவிந்திருக்கும் மேடையில் நின்றுகொண்டு, "நான் பெண் இல்லை" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அது சொல்வதில்லை, சேலையை உடுத்திப் படத்துக்கு நிற்கிறது. அதன் பிறகு சைக்கிளில் தனியே போவது குறைக்கப்படுகிறது, பெடியங்களோடு பந்தடிப்பது நிறுத்தப்படுகிறது, இரட்டைப் பின்னல் கட்டாயமாகிறது. ஊருக்கு அறிவிக்கப்பட்ட ஒன்றைப் பின்னர் திருத்துவது, வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைத் திருத்துவதை விடப் பலமடங்கு கடினம்.

ஆணாகப் பிறந்து பெண்மையுடன் வளரும் பிள்ளைக்கு இப்படியொரு சடங்கு இல்லை. அவனுக்கு நாள்தோறும் சிறுசிறு சோதனைகள் காத்திருக்கின்றன. நடையைப் பார்த்து, கையசைவைப் பார்த்து, குரலைப் பார்த்து "ஒன்பது" என்ற பட்டம் வகுப்பிலேயே சூட்டப்படுகிறது. கழிவறைக்குப் போவதற்கே பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நிலை வரைக்கும் அது போகும். "ஆம்பிளைப் பிள்ளை மாதிரி நட" என்று சொல்லும் ஆசிரியருக்குத் தான் திருத்துகிறேன் என்ற எண்ணமே இருக்கும். இந்த ஊர்களுக்கே உரிய ஒரு முரணையும் சொல்லத்தான் வேண்டும். முல்லைத்தீவு தன் கோவலன் கூத்துக்குப் பெயர் பெற்ற மண். கூத்து மரபில் பெண் பாத்திரங்களை ஆண்களே கட்டி ஆடிவந்தார்கள். கண்ணகியாக ஆடியவரின் நளினத்தை ஊர் விடிய விடிய இருந்து இரசித்தது. அரங்கில் கலையாகக் கொண்டாடப்பட்ட அதே கையசைவுதான் வகுப்பறையில் அடிவாங்குகிறது. வேடம் விடிந்ததும் கலைந்துவிடும் என்ற உறுதி இருந்ததால்தான் ஊரால் அதை இரசிக்க முடிந்தது போலும்.

அவசரம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் போரின் இறுதி ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 2006 முதல் 2009 வரையான காலத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து வன்னிக் குடும்பங்கள் பலவும் பதின்மவயதுப் பிள்ளைகளை அவசரமாகத் திருமணம் செய்துவைத்தன. திருமணம் செய்தவர்களைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையே காரணம். அந்தத் தம்பதிகளில் பலர் இன்று பதின்மவயதுப் பிள்ளைகளின் பெற்றோர். தங்களுடைய முதல் ஈர்ப்பைப் பற்றி யோசிக்கக்கூட நேரம் கிடைக்காத ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளின் ஈர்ப்பைப் பொறுமையோடு பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையில் ஏதோ பிழை என்று தோன்றியதும் "ஒரு கல்யாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனை முதலில் வருவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். சட்டப்படி திருமண வயது 18 என்பதால் அது உடனே நடக்காவிட்டாலும், பேச்சுக்கால் போட்டுவைப்பதும் வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கின்றன.

பெண்களின் கட்டை முடிக்கும் இந்த மண்ணில் ஒரு கதை உண்டு. இயக்கத்தில் இருந்த பெண்கள் காற்சட்டை அணிந்தார்கள், மோட்டார் சைக்கிள் ஓடினார்கள், பலர் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். ஊர் அதை ஏற்றுப் பழகியிருந்தது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அதே கட்டை முடி முன்னாள் போராளி என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாக மாறியது. பெண்கள் அவசரமாக முடி வளர்த்தார்கள், சேலைக்கும் சட்டைக்கும் திரும்பினார்கள். ஆகவே மகள் முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது தாய் பதறுவது பாலினத்தை நினைத்து மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று தாய் கற்றுக்கொண்டிருக்கிறாள். தகப்பன் இல்லாத, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளில் இந்தப் பயம் இரட்டிப்பாகிறது. தனியே பிள்ளை வளர்க்கும் பெண்ணை ஊர் ஏற்கனவே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் நடையில் வரும் ஒவ்வொரு மாற்றமும் "தாய் சரியில்லை" என்ற பேச்சாக அவளிடமே திரும்பிவருகிறது.

முதற்காதல் வெளிப்படும் விதத்தையும் ஊரின் அமைப்பே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாண நகரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பாடசாலைகள் பல இருக்க, வன்னியின் கிராமப் பாடசாலைகள் பெரும்பாலும் கலவன் பாடசாலைகள். ஆண் பெண்ணோடு பேசினால் உடனே கவனிக்கப்படுகிறது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் கைகோத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனால் யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கவனியாமை சில பிள்ளைகளுக்கு ஒரு சிறிய ஒதுக்கிடத்தைத் தருகிறது. ஆனால் கைபேசி வந்தபின் அந்த ஒதுக்கிடமும் சுருங்கிவிட்டது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கற்றல் தொடங்கியபோது, முன்னர் கைபேசியைத் தொடவே விடாத வீடுகளிலும் அது பிள்ளையின் கைக்குப் போனது. வீட்டுக்கு ஒரே ஒரு கைபேசி. அம்மாவும் அண்ணாவும் அதையே எடுக்கிறார்கள். அனுப்பிய ஒரு செய்தியை அண்ணா பார்த்துவிட்டால் அன்றிரவே விசாரணை நடக்கும். அந்த வயதுக் காதலில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதும், ஒருவர் வரும் பாதையில் சைக்கிளை மெதுவாக ஓட்டுவதும்தான். அதற்கு வரும் தண்டனையோ பாடசாலையை விட்டு நிறுத்துவது வரைக்கும் போகிறது.

கைபேசியின் மறுபக்கத்தில் தமிழ்நாடு இருக்கிறது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்களையும், அப்படி வாழ்பவர்கள் மருத்துவராகவும் காவல்துறை அதிகாரியாகவும் இருக்கக்கூடும் என்ற செய்தியையும் வன்னிப் பிள்ளைகள் காணொளிகள் வழியாகவே அறிகிறார்கள். அங்கே 2008 இல் திருநங்கைகளுக்கான நலவாரியம் அமைக்கப்பட்டது. 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் 2022 இல் பாலினச் சிறுபான்மையினரின் பெருமித நடைபவனி நடந்தது. இவை நம்பிக்கை தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் பிள்ளை காணும் முன்மாதிரிகள் அனைவரும் வளர்ந்தவர்கள், நகரத்தவர்கள், பெரும்பாலும் வீட்டை விட்டுப் போனவர்கள். பதினான்கு வயதில் வீட்டில் இருந்தபடியே, படித்தபடியே இப்படி இருக்கலாம் என்று காட்டும் முன்மாதிரி ஒன்றும் கிடைப்பதில்லை. வீட்டை விட்டு ஓடுவதுதான் ஒரே வழி என்ற முடிவுக்குச் சில பிள்ளைகள் வருவது இதனால்தான். அந்த நேரத்தில் இணையத்தில் அன்பாகப் பேசி, படம் கேட்கும், சந்திக்கக் கூப்பிடும் முன்பின் தெரியாத பெரியவர்களிடம் இவர்களே எளிதில் அகப்படுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாத இரகசியம் உள்ள பிள்ளையை மிரட்டுவது சுலபம்.

வீட்டுக்கு விடயம் தெரிந்த பிறகு முதற்பயணம் பெரும்பாலும் வைத்தியசாலைக்கு இருக்காது. சாத்திரியிடம் சாதகம் பார்ப்பார்கள், பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள், செபக்கூட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். தாயின் மன ஆறுதலுக்காகக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வதில் கெடுதல் எதுவும் இல்லை. பேயோட்டுவதாகச் சொல்லிப் பட்டினி போடுவதும் அடிப்பதும் சிறுவர் துன்புறுத்தல். மருத்துவ அறிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே பாலின ஈர்ப்பை உலக சுகாதார அமைப்பு 1990 இல் நோய்களின் வகைப்பாட்டிலிருந்து நீக்கியது. 2019 இல் ஏற்கப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது வகைப்பாட்டில், பாலின அடையாளம் சார்ந்த விடயங்களை மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே எடுத்தது. மாற்றிவிடும் சிகிச்சை என்று எவரேனும் காசு கேட்டால் அது மருத்துவம் ஆகாது. மருந்து பற்றிய விவாதம் வேறு. பூப்பைத் தள்ளிப்போடும் மருந்துகளை 18 வயதுக்குட்பட்டோருக்கு வழமையாக வழங்குவதை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2024 இல் நிறுத்தியது. வேறு நாடுகள் வேறு வழிகளில் போகின்றன. அந்த விவாதத்தை வன்னிக்கு இழுத்துவந்து பெற்றோரைப் பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இங்கே ஒரு பிள்ளை கேட்பது மருந்தை அல்ல. முடியைக் கொஞ்சம் கட்டையாக வெட்டவும், வீட்டில் ஒரு செல்லப்பெயரால் அழைக்கப்படவும், சேலையைத் தவிர்க்கவுமே கேட்கிறது. இவை அனைத்தும் நாளை வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளக்கூடியவை.

சட்டத்தைப் பற்றி ஊரில் உலவும் அச்சம் பாதி சரி, பாதி பிழை. ஒரே பாலினத்தவர் இடையிலான உறவைக் குற்றமாக்கப் பயன்படும், இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 1995 இல் திருத்தியபோது தளர்த்துவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் பொருந்துமாறு விரித்தார்கள். இவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. அது நிறைவேறாமலே 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. எனினும் அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயல்களை. ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார், யாரை மனதில் விரும்புகிறார் என்பது எந்தச் சட்டத்தின் கீழும் குற்றமாகாது. பொலிஸில் பிடித்துக்கொடுப்பேன் என்று பிள்ளையை வெருட்டும் பெரியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உதவி கேட்பதற்கு இடங்கள் உண்டு. சுகாதாரத் திணைக்களத்தின் "யொவுன் பியச" எனப்படும் இளையோர் நேய நிலையங்களும், பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களும், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். தூரம் ஒரு சிக்கல். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான வீதி மட்டுமே 50 கிலோமீற்றருக்கும் அதிகம். அதன் நடுவில் உள்ள ஊரிலிருந்து ஒரு பிள்ளை தனியே பஸ் ஏறி மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். உத்தியோகத்தரோ தாயின் தூரத்து உறவினராக இருப்பார். முகம் தெரியாத குரலோடு பேசக்கூடிய 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும், துன்புறுத்தல் நடந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் இங்கே முக்கியமாவது இதனால்தான். ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளை மனம் திறந்தால், அவர் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி அதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லாமல் இருப்பது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

சரியாகத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, அதாவது ஆண்டுகள் கடந்தும் தன் பாலினம் பற்றிய உணர்வு மாறாத பிள்ளைக்கு, ஒரு வழி திறந்திருக்கிறது. சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தின்படி, 16 வயதைக் கடந்த ஒருவர் மனநல மருத்துவ நிபுணரிடம் மதிப்பீடு பெற்றுப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழின் பெயரையும் பாலினத்தையும் திருத்தலாம். இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரங்களைத் தொலைத்து, நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பிரதி எடுத்த வன்னி மக்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர்க்கால ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை என்று நின்று சோதிக்கப்பட்ட நினைவு உள்ளவர்கள், அட்டையில் ஒன்றும் ஆளில் ஒன்றுமாக இருப்பதன் ஆபத்தை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இதிலும் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. தேசிய அடையாள அட்டை 15 வயதிலேயே வழங்கப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு அது தேவை. அட்டையின் இலக்கத்திலேயே பாலினம் பொதிந்திருக்கிறது: பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களோடு பெண் என்றால் 500 கூட்டப்படும், ஆகவே சனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. பதினாறு வயதுக்குப் பின் சான்றிதழ் பெறும் ஒருவருக்கு அந்த இலக்கமே பொருந்தாமல் போகிறது. அதற்குள் பரீட்சைப் பெறுபேறு பழைய பெயரில் வந்திருக்கும், உயர்தர வகுப்பில் பழைய சீருடையோடு சேர்ந்திருப்பார். எந்தச் சீருடையில் வரலாம், இடாப்பில் எந்தப் பெயரால் கூப்பிடப்படலாம் என்பது அதிபரின் மனநிலையில் பெரிதும் தங்கியிருக்கும். பிள்ளை தெளிவடைவதற்கு அவகாசம் தேவைப்படும் வயதிலேயே நிருவாகம் தன் முடிவை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. அதன் பின்னர் அதைத் திருத்தும் வேலை முழுவதும் பிள்ளையின் தலையில், பெரும்பாலும் அது பாடசாலையை விட்டு வெளியேறிய பிறகே, விழுகிறது.